கண்டிக் கந்தோரும் ஒரு கதாசிரியரும்

திருவள்ளுவர் பொருட்பாலிலே தூதனுக்கென்று தனியாக ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அரசனையும் அமைச்சனையும் பற்றி விரிவாகப் பேசிய பின்னும், இருவருக்கும் இடையில் நின்று பிற நாட்டிற் பேசுகின்றவனுக்கு வேறு இலக்கணம் வேண்டுமென்று அவர் கருதியிருக்க வேண்டும். உள்ளத்தில் அன்பு, தலையில் அறிவு, நாவில் நிதானம் ஆகிய மூன்றையும் அவர் தூதனிடம் எதிர்பார்க்கின்றார். இவற்றுள் அன்பும் இடம்பெறுவது நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. இராஜதந்திரம் என்றவுடன் நமக்குத் தந்திரமே நினைவுக்கு வருகின்றது. அன்பு நினைவுக்கு வருவதில்லை.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதனோடு தொடர்புடையது. தூதராக உத்தியோகம் பார்த்து, நூலாசிரியராகிப் பின்னர் அரசியலிலும் அடியெடுத்து வைத்த இந்தியர் ஒருவரின் வாழ்க்கையை நம் வாசகர்கள், விசேடமாக உயர் வகுப்பு மாணவர்கள், அறிந்துகொள்வது பயனுடையதென்று எண்ணுகின்றோம். அவருடைய வாழ்க்கையில் நான்கு ஆண்டுகள் நமது கண்டியிலேயே கழிந்தன. அந்த நான்கு ஆண்டுகளும் நம்மவர் பலரது குடும்பக் கதையோடு பின்னிக் கிடக்கின்றன.

இந்தியாவில் இவ்வாறு மூன்று துறையும் கண்டவர்கள் சிலர் உளர். கேரளத்தின் உழவூர்க் கிராமத்தில் வறிய குடும்பமொன்றிற் பிறந்த திரு. கே. ஆர். நாராயணன் 1949ஆம் ஆண்டில் வெளிநாட்டுச் சேவையிற் சேர்ந்தார். சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதுவராயிருந்து, 1984இல் ஒற்றப்பாலம் தொகுதியிற் போட்டியிட்டுப் பாராளுமன்றம் சென்று, 1997இல் ஜனாதிபதியானார். திரு. நட்வர் சிங் 1953இற் சேர்ந்த சேவையை 1984இல் விட்டு அரசியலில் நுழைந்து, 2004இல் வெளிநாட்டு அமைச்சரானார். நூல்கள் பலவும் எழுதி 2024இற் காலமானார். திரு. மணிசங்கர் ஐயர் 1963 முதல் 1989 வரை வெளிநாட்டுச் சேவையிலிருந்தவர். 1991இல் மயிலாடுதுறை மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1978 முதல் 1982 வரை அவர் கராச்சியில் இந்தியாவின் துணைத்தூதர் தலைவராயிருந்தார்.

அதே 1978 முதல் 1982 வரையான காலத்தில், கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் முதற் செயலாளராயிருந்தவர் திரு. கோபாலகிருஷ்ண காந்தி. இன்றைய நமது கட்டுரையின் நாயகர் அவரே.

இரு பாட்டனார்

திரு. கோபாலகிருஷ்ண காந்தி 1945ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22ஆந் திகதி பிறந்தார். தந்தையார் மகாத்மா காந்தியின் இளைய புதல்வரான தேவதாஸ் காந்தி. தாயார் இராஜாஜியின் புதல்வி இலக்ஷ்மி. தந்தை வழியில் குஜராத்தியும் தாய் வழியில் தமிழும் அவருக்கு உரிமையாயின. டில்லி சென் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, 1968இல் இந்திய ஆட்சிப் பணியிற் சேர்ந்து, தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆகவே, அவர் வெளிநாட்டுச் சேவையைச் சேர்ந்தவரல்லர். ஆட்சிப் பணியிலிருந்து தூதர் பதவிகளுக்கு அழைக்கப்பட்டவர். தமிழறிந்த அதிகாரி என்ற தகுதி கண்டிக்கு மிகவும் வேண்டியதாயிருந்தது.

இரு பெரும் பாட்டனாரின் பேரன் என்பது சிறப்புத்தான். எனினும், பாட்டனார் பெயரை வைத்துக்கொண்டு காலங்கழித்தவர்களை உலகம் நிரம்பக் கண்டிருக்கின்றது. ஒருவர் தமக்குக் கிடைத்த நாற்காலியில் இருந்து என்ன கண்டார், கண்டதை வைத்து என்ன செய்தார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒப்பந்தமும் கோப்புகளும்

அந்தக் கண்டிக் கந்தோரின் வேலை என்னவென்பதை இளைய வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் வம்சாவளிப் பிரஜையாவதற்குத் தம் தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்டும்படி கேட்டது. பிறப்புப் பத்திரம் என்ற ஒன்றைக் கண்ணாற் கண்டறியாத தோட்டத் தொழிலாளர் இதை எவ்வாறு காட்டுவர்? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியாதவராயினர். நாடும் இல்லை, வாக்கும் இல்லை என்ற நிலை உண்டாயிற்று.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, இலங்கைப் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் திரு. லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். நாடற்றோர் தொகை 975,000 எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. 1974இல் அந்த எச்சத்தையும் இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாக, 75,000 வீதம் பகிர்ந்துகொண்டன. இவை யாவும் 15 ஆண்டுகளில் நிறைவேற வேண்டும். செல்லும் குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்ச வரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழ் இறக்குவதில்லை என்றும் ஒப்பந்தம் கூறிற்று. தம் வாழ்வைப் பற்றிய இந்தப் பேச்சில், பகிரப்பட்ட மக்களுக்கு ஆசனம் இருக்கவில்லை.

பகிர்வு காகிதத்தில் எளிது. நிறைவேற்றுவது அவ்வளவு எளிதன்று. விண்ணப்பம், விசாரணை, பிரஜாவுரிமைப் பதிவு, கடவுச்சீட்டு, சேமலாப நிதிக் கணக்கு, பிரயாண நாள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் விண்ணப்பித்த வீடுகள் உண்டு. பெற்றோரின் கோப்பு ஒரு பக்கமும், மணமுடித்துப்போன மகளின் கோப்பு மறுபக்கமும் சென்ற வீடுகளும் உண்டு. இரத்த உறவைக் கோப்பு அறியாது. அது இலக்கத்தை மட்டுமே அறியும்.

மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிகளை நம்மவர் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். இப்பெயரை எந்த அரசாங்கமும் சூட்டவில்லை. மேடையில் நின்றோரும் பெட்டிக்குள் இருந்தோரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுத அழுகை சூட்டிய பெயர் அது. அங்கிருந்து கப்பலேறி இராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம். அதன்பின் நீலகிரித் தேயிலைத் தோட்டமோ, முன்பின் அறியாத ஓர் ஊரோ.

1978இல் திரு. காந்தி கண்டிக்கு வந்தபோது இவ்வேலை மும்முரமாய் நடந்துகொண்டிருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பட்டினியையும், 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து வன்செயலையும் அனுபவித்த தோட்ட மக்கள் பலர், விருப்பத்தினால் அன்றி அச்சத்தினால் இந்தியாவுக்குப் புறப்படத் துணிந்திருந்தனர். அவர் இங்கிருந்த காலத்திலேயே, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதியில் மீண்டும் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் ஒப்பந்த காலம் முடிவுற்றது. முடிந்தது காலமேயன்றி வேலையன்று. 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றபோது, கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்படாதவர்கள் ஏராளமாக இங்கேயே இருந்தனர். இலங்கைப் பாராளுமன்றம் 2003ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சட்டமே இறுதியாக இவ்வழக்கை முடித்துவைத்தது.

சரணம்

இந்த அனுபவத்தைத் திரு. காந்தி ஒரு நாவலாக எழுதினார். 1980களில் ஆங்கிலத்தில் 'சரணம்' என்ற பெயருடன் முதலில் வெளியாகி, பின்னர் புகலிடம் எனப் பொருள்படும் 'ரெஃப்யூஜ்' என்ற பெயரோடு மறுபதிப்பாகிய அந்நூல், இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தமிழரைப் பற்றியது. முதற் பெயர் எவ்வளவு பொருத்தமானது என்று பாருங்கள். பௌத்தர் மும்மணிகளைச் சரணடைகின்றனர்; நம்மவர் முருகனடியைச் சரணடைகின்றனர். கண்டி நகரில் இரு சமூகத்தாரும் நாள்தோறும் சொல்லுகின்ற ஒரே சொல் அது. அச்சொல்லை வாயாற் சொல்லுகின்ற ஊரிலே, சரணடைய நாடில்லாத மக்கள் வரிசையில் நின்றனர்.

இங்கே நாம் ஒரு கடினமான கேள்வியைத் தவிர்க்க விரும்பவில்லை. கடவுச்சீட்டு வழங்கிய கந்தோரில் இருந்த ஒருவர், பிறகு அம்மக்களின் துயரை நாவலாக எழுதினால், அதனால் யாருக்கு என்ன பயன்? நாவல் ஒரு கோச்சியையும் நிறுத்தவில்லை. பிரிந்த ஓர் அண்ணனையும் தம்பியையும் சேர்த்துவைக்கவில்லை. அன்றியும், அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கொழுந்துக் கூடை சுமந்த பெண் தன் கதையைத் தானே எடுத்துப் படிக்கக்கூடிய மொழியன்று அது.

இவ்வாதத்தில் நியாயம் உண்டு. எனினும், மறுபக்கத்தையும் எடைபோட வேண்டும். ஒப்பந்தத்தைச் செய்தவர் அவரல்லர். செய்தபோது அவர் பல்கலைக்கழகப் பருவத்து இளைஞர். இத்தகைய ஒப்பந்தங்களை நிறைவேற்றுகின்ற உத்தியோகத்தர் ஆயிரவர் உளர். அவர்களுள் மேசைக்கு அப்பால் நின்ற முகத்தை நினைவில் வைத்திருப்பவர் சிலர். அதை எழுதிவைப்பவர் மிகச் சிலர். உத்தியோக நடை மனிதனை 'விண்ணப்பதாரர்' ஆக்குகின்றது. கதாசிரியன் அந்த விண்ணப்பதாரருக்குப் பெயரும் பசியும் கோபமும் திரும்பக் கொடுக்கின்றான். அதிகாரத்தின் பக்கத்து நாற்காலியில் இருந்தவரே இதைச் செய்வது, அதிகாரத்துக்கு எதிரான ஒரு சாட்சியாகின்றது. அச்சாட்சி ஆங்கிலத்தில் இருந்தமையால், டில்லியிலும் கொழும்பிலும் இக்கதையை ஒருநாளும் கேட்டறியாதோர் கண்ணிலும் பட்டிருக்கும்.

ஆனால், வெளியிலிருந்து வந்த சாட்சி உள்ளிருந்து எழும் குரலுக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலவாக்கலைத் தொகுதியில் 1947இல் வென்று பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, வாக்கிழந்த தம் மக்களுக்காக ஆங்கிலத்தில் கவிதையும் தமிழில் 'வீடற்றவன்' என்ற நாவலும் எழுதி, தோட்டப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அரசியல்வாதி எழுத்தாளரான கதை அது. தூதர் எழுத்தாளரான கதையை அதன் அருகே வைத்துப் படிப்பதே முறை.

கண்டிக்குப் பிறகு

திரு. காந்தி 1992இல் ஆட்சிப் பணியிலிருந்து தாமாகவே ஓய்வுபெற்றார். அவ்வாண்டில் இலண்டன் நேரு நிலையத்தின் பணிப்பாளராகி, 1996இல் தென்னாபிரிக்காவுக்கு உயர்ஸ்தானிகராகச் சென்றார். பின்னர் ஜனாதிபதி நாராயணனின் செயலாளராயிருந்து, 2000ஆம் ஆண்டில் இலங்கைக்கு உயர்ஸ்தானிகராகத் திரும்பி வந்தார். முன்னர் கண்டியில் முதற் செயலாளராயிருந்தவர் இப்போது கொழும்பில் முதல்வர். யுத்தமும் சமாதானப் பேச்சும் மாறிமாறி நின்ற அந்நாட்களிலும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. காந்தியடிகளுக்கும் இலங்கைக்கும் இருந்த தொடர்பையும், நேருவுக்கும் இலங்கைக்கும் இருந்த தொடர்பையும் பற்றிய ஆவணங்களைத் தொகுத்து 2002இல் வெளியிட்டார். 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இத்தீவுக்கு வந்து கண்டியையும் கண்டு சென்றமையும், இந்தியத் தொழிலாளரை வேலைநீக்கும் பிரச்சினை எழுந்தபோது 1939ஆம் ஆண்டு ஜூலையில் நேரு இங்கு வந்தமையும், அதன் பயனாக இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியமையும் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய சரித்திரங்கள்.

விக்ரம் சேத்தின் பெரிய ஆங்கில நாவலை அவர் ஹிந்தியிற் பெயர்த்தார். தாரா ஷுகோ என்ற மொகலாய இளவரசனைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். 2015இல் திருக்குறளை ஆங்கிலத்தில் புதிதாக மொழிபெயர்த்து வெளியிட்டார். தூதனுக்கு இலக்கணம் வகுத்த நூலை, தூதராயிருந்த ஒருவரே பெயர்த்தமை பொருத்தமே.

அதிகாரமும் அரசியலும்

2004ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மேற்கு வங்காளத்தின் கவர்னரானார். சுதந்திர இந்தியாவில் அம்மாகாணத்தின் முதற் கவர்னராய் 1947இல் அதே மாளிகையில் அமர்ந்தவர் அவருடைய தாய்வழிப் பாட்டனார் இராஜாஜி. கவர்னர் பதவி பெரும்பாலும் அலங்காரப் பதவி. வாய் திறவாதிருப்பதே அதன் மரபு. 2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆந் திகதி, நந்திக்கிராமத்தில் தம் நிலம் பறிபோகுமென்று எதிர்த்து நின்ற கிராமவாசிகள்மீது பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் 14 பேர் மாண்டனர். கவர்னர் மௌனம் சாதிக்கவில்லை. தம் நெஞ்சு திடுக்குற்றதைப் பகிரங்க அறிக்கையில் வெளியிட்டார். ஆளுங்கட்சியினரான இடதுசாரிகள் அவரைக் கண்டித்தனர். 2008இல் மாகாணத்து மக்கள் மின்வெட்டால் அவதியுற்றபோது, தம் மாளிகையிலும் நாள்தோறும் இரண்டு மணிநேரம் மின்சாரத்தை நிறுத்தச் செய்தார். அதையும் விளம்பரம் என்று சொன்னவர்கள் உண்டு.

கண்டியிலே பிறர் செய்த முடிவை நிறைவேற்றிய அதிகாரியும், கல்கத்தாவிலே பிறர் செய்த காரியத்தைக் கண்டித்துப் பேசிய கவர்னரும் ஒருவரே. முன்னவரிடமிருந்து பின்னவர் கற்றுக்கொண்டார் என்று நாம் கருதுகின்றோம். கோப்பில் எண்ணாக வருபவர் மண்ணில் மனிதராக வீழ்வதைக் கண்டவர், இரண்டாம் முறை கோப்பை மாத்திரம் பார்த்துக்கொண்டிருப்பது கடினம்.

அவர் எக்கட்சியிலும் சேர்ந்து அமைச்சரானவரல்லர். எனினும், 2017இல் அரசியல் அவருடைய வாயிலைத் தட்டிற்று. எதிர்க்கட்சிகள் பதினெட்டும் ஒருமுகமாக அவரை உபஜனாதிபதித் தேர்தலுக்கு நிறுத்தின. பத்து ஆண்டுகளுக்கு முன் அவரைக் கண்டித்த இடதுசாரிகளும் அவர்களுள் இருந்தனர். 1993ஆம் ஆண்டு மும்பாய்க் குண்டுவெடிப்பு வழக்கில் மரணதண்டனை பெற்ற யாக்கூப் மேமனுக்குக் கருணை காட்டுமாறு 2015இல் அவர் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதம், தேர்தலின்போது அவருக்கெதிராகத் தூக்கிக் காட்டப்பட்டது. எவருக்கும் மரணதண்டனை கூடாதென்பது அவருடைய கொள்கை. அதைப் பற்றி 2016இல் ஒரு நூலும் எழுதியிருந்தார். வாக்குக்காக அக்கொள்கையை அவர் விழுங்கிவிடவில்லை. ஆகஸ்ட் 5ஆந் திகதி நடந்த தேர்தலில் திரு. வெங்கையா நாயுடு 516 வாக்குகளும், திரு. காந்தி 244 வாக்குகளும் பெற்றனர். 2022இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு எதிர்க்கட்சித் தலைவர்கள் மீண்டும் அழைத்தபோது, எதிர்க்கட்சிகளுக்கு அப்பாலும் தேசமெங்கும் ஒப்புதல் பெறக்கூடிய வேறொருவரைத் தேடுமாறு கூறி விலகிக்கொண்டார்.

உலகக் கணக்கில் இது தோல்வி. நாராயணன் அடைந்த சிகரத்தை இவர் அடையவில்லை. நட்வர் சிங்கைப் போல் அமைச்சரும் ஆகவில்லை. ஆயினும், பதவிக்காகச் சொல்லை மாற்றிக்கொள்ளாத ஒருவர் அரசியலில் தோற்பது அவருக்கு இழிவன்று.

நாம் கற்பது

உத்தியோகத்தை நாடும் மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. நீங்கள் நாளை பிரதேச செயலகத்திலோ, வங்கியிலோ, தூதராலயத்திலோ ஒரு மேசைக்குப் பின்னால் அமர்வீர்கள். மேசையின் மறுபக்கத்தில் ஒரு தாய் பத்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய பாரத்தில் ஓர் எழுத்துப் பிழை இருக்கலாம். அவ்வேளையில் நீங்கள் காண்பது பிழையா, தாயா என்பதே உங்கள் கல்வியின் பரீட்சை. விதியை மீறச் சொல்லவில்லை. விதிக்குள் நின்றுகொண்டே அவள் முகத்தைப் பார்க்கச் சொல்லுகின்றோம்.

குடும்பங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது வேறு. தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தோரும், நகரசபைத் தொழிலாளர் குடும்பங்களும் நெருங்கி வாழும் நமது மஹய்யாவயில், பழைய தகரப் பெட்டிகளுக்குள் இன்னும் எத்தனையோ கடிதங்கள் இருக்கின்றன. பதிவுத் துண்டு, பிரயாணம் செய்யாத கடவுச்சீட்டு, கூடலூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ வந்து பின் நின்றுபோன தபால் ஆகியவற்றைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். கண்டிக் கந்தோரில் மேசையின் அப்புறத்திலிருந்தவர் தாம் கண்டதை எழுதிவிட்டார். இப்புறத்தில் வரிசையில் நின்றவர்களின் கணக்கு இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. அவர்களுள் பலர் போய்விட்டனர். இருப்போருக்கும் வயது முதிர்ந்துவிட்டது.

மாணவர்காள்! ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு, பாட்டியின் பக்கத்தில் அமருங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம், யார் போனார், யார் நின்றார், எந்த நாளில் கோச்சி புறப்பட்டது என்று கேட்டு எழுதுங்கள். பெயர்களைப் பிழையின்றி எழுதுங்கள். திகதி தெரிந்தால் அதையும் குறியுங்கள். அதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. பெரிய பாட்டனார் இருக்க வேண்டியதுமில்லை. பாட்டி பேசுகின்ற தமிழே போதும்.